கார்பன் கியூ, ஜம்ப் கியூ, மேஜிக் ரேக்: பூல் மேசையில் எது நியாயம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பாகாவ் மாதிரி தோட்டப்புற ஊர்களில் ஸ்னூக்கர் சென்டர் சுவரில் பூல் போட்டி அறிவிப்பு ஒட்டப்பட்டால், அப்புறம் நடக்கும் வாக்குவாதம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஈப்போவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வருபவர் பையைத் திறந்து கறுப்பு நிறக் கார்பன் கியூவை, அதாவது பந்தைக் குத்தும் கோலை, எடுத்து மாட்டுவார். ஆட்டத்தைத் தொடங்கிப் பந்துகளைக் கலைக்கும் பிரேக் அடிக்க ஒன்று, பந்தைத் தாண்ட வைக்கக் குட்டையாக ஒன்று என்று இன்னும் இரண்டு வைத்திருப்பார். உள்ளூர்ப் பையன் கையில் சுவர் ஸ்டாண்டிலிருந்து எடுத்த சென்டர் கியூ. "அண்ணே, அந்தக் கியூவைக் கீழே வெச்சுட்டு ஆடச் சொல்லுங்க பார்ப்போம்" என்று ஒரு குரல் எழும். "காசு இருக்கு, வாங்கிட்டான், உனக்கென்ன?" என்று இன்னொரு குரல் பதில் சொல்லும்.

இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கியூ என்ன செய்கிறது, விதிப்புத்தகம் என்ன சொல்கிறது, காசு எங்கே குறுக்கே வருகிறது என்ற மூன்று வேறு வேறு விஷயங்களை ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் சண்டை முடிவதே இல்லை. முதலில் கியூவிலிருந்து தொடங்குவோம்.

கியூவின் பாகங்கள்

பூல் கியூ பெரும்பாலும் இரண்டு துண்டு. பின்னால் கையில் பிடிக்கும் தடித்த பகுதி பட். முன்னால் மெலிந்து போகும் பகுதி ஷாஃப்ட். ஷாஃப்டின் நுனியில் வளையம் போல இருப்பது ஃபெரூல். அதன்மேல் ஒட்டியிருக்கும் தோல் துண்டுதான் டிப். வழக்கமான கியூ 57, 58 அங்குல நீளமும் 18 முதல் 21 அவுன்ஸ் எடையும் இருக்கும். பூல் ஷாஃப்டின் நுனி ஏறக்குறைய 13 மில்லிமீட்டர். ஸ்னூக்கர் கியூவின் நுனி அதைவிடச் சிறியது, 9 அல்லது 10 மில்லிமீட்டர்.

பூல் ஷாஃப்டுக்கு மேப்பிள் மரமும் ஸ்னூக்கர் ஷாஃப்டுக்கு ஆஷ் மரமும் வழக்கம். சென்டர்களில் கிடக்கும் மலிவான ஒற்றைத் துண்டுக் கியூக்களுக்கு நீண்ட காலம் பயன்பட்டது ராமின் மரம். அது நம் தீபகற்பத்திலும் சரவாக்கிலும் உள்ள சதுப்புக் காடுகளில் வளர்வது. அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால் 2004இல் அதன் வணிகத்தை அனைத்துலகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள்.

வெள்ளைப் பந்து ஏன் விலகிப் போகிறது

வெள்ளைப் பந்தின் நடுவில் குத்தினால் அது கியூ காட்டிய கோட்டிலேயே போகும். நடுவை விட்டு வலப்பக்கம் குத்தினால் பந்து சுழலும். அதைத்தான் சைட் போடுவது என்கிறோம். ஆனால் சுழற்சியோடு வேறொன்றும் நடக்கிறது. வலப்பக்கம் குத்திய பந்து, கியூ காட்டிய கோட்டைவிட்டுச் சற்று இடப்பக்கமாகக் கிளம்பும். இதற்குப் பெயர் டிஃப்ளெக்‌ஷன்.

காரணம் எளிமையானது. டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நொடியில் சுழலத் தொடங்கும் பந்து கியூவின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நுனியும் பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நுனியின் எடை கூடக்கூட அந்த எதிர்த்தள்ளலும் கூடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் இந்த அசைவு நுனியிலிருந்து சில அங்குலம் மட்டுமே பின்னால் பரவ முடியும். ஆகவே மொத்தக் கியூவின் எடைக்கும் இதற்கும் தொடர்பில்லை, நுனிப் பகுதியின் எடைதான் கணக்கு.

முழு சைட் போட்டு ஆடும்போது பழைய பாணி மேப்பிள் ஷாஃப்டில் இந்த விலகல் இரண்டு டிகிரி அளவுக்கு வரும். இரண்டு டிகிரி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு டிகிரி விலகினாலே ஒரு மீட்டர் ஓடிய பந்து 17 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். பந்தின் விட்டமே 57.15 மில்லிமீட்டர்தான். நீளமான ஷாட்டில் சைட் போட்டால் பந்து ஏன் பாக்கெட் வாயில் முட்டித் திரும்புகிறது என்பதற்கு இதுதான் விடை.

ஆகவே கியூ செய்பவர்கள் நுனியின் எடையைக் குறைக்கத் தொடங்கினார்கள். பிரெடேட்டர் நிறுவனம் 1994இல் கொண்டுவந்த 314 ஷாஃப்ட் மரத்திலேயே அதைச் செய்தது. 2016இல் அதே நிறுவனத்தின் ரெவோ கார்பன் ஷாஃப்ட் வந்தது. பிறகு கியூடெக், மெஸ் என்று மற்றவர்களும் கார்பனுக்கு வந்துவிட்டார்கள்.

கார்பன் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை

1. விலகலைக் குறைக்கிறது. சைட் போடும்போது குறியைத் திருத்த வேண்டிய அளவு சிறிதாகிறது. இது உண்மையான உதவிதான், மறுக்க முடியாது. ஆனால் விலகலை முழுதாக ஒழிப்பதில்லை. மீதியை ஆடுபவர்தான் கணக்குப் போட வேண்டும்.

2. வளைவதில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் மர ஷாஃப்டை ஒரு மாதம் சுவரில் சாய்த்து வைத்தால் போதும், மேசையில் உருட்டிப் பார்த்தால் ஆடும். காரின் பின்பக்கத்தில் வெயிலில் கிடந்தாலும் அதே கதிதான். கார்பனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மலேசியாவில் கார்பன் ஷாஃப்ட் வாங்க இதுவே முதல் காரணமாக இருக்க வேண்டும் என்பேன்.

3. கூடுதல் சுழற்சி தருவதில்லை. "கார்பன் வெச்சிருக்கான், அதான் வெள்ளை அப்படி ஸ்க்ரூ ஆகித் திரும்புது" என்று சொல்வது தவறு. பந்து எவ்வளவு சுழலும் என்பது நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிக் குத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. பந்தின் ஆரத்தில் பாதியளவு, ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் தூரம் வரைக்கும் தள்ளிக் குத்தலாம். அதைத் தாண்டினால் டிப் வழுக்கி மிஸ்கியூ ஆகிவிடும். அந்த எல்லையைத் தீர்மானிப்பவை டிப்பும், அது வழுக்காமல் இருக்க அதில் தேய்க்கும் சாக்கும் (chalk). ஷாஃப்டுக்கு அதில் வேலை இல்லை.

4. பழகிய கையைக் குழப்பும். பத்து வருடம் மேப்பிளில் ஆடியவர் விலகலுக்கு ஏற்பக் குறியைத் தள்ளி வைக்க, தன்னையறியாமல் பழகியிருப்பார். கார்பனுக்கு மாறிய முதல் சில வாரங்கள் அதே பழக்கத்தால் பந்தைத் தவறவிடுவார். கியூ வாங்கிய அன்றே ஆட்டம் உயர்ந்துவிடும் என்ற எண்ணம் இங்கேயே உடைகிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கலாம். நைன் பால் என்பது ஒன்பது பந்துகளால் ஆடும் பூல் வகை. 1999இல் கார்டிஃப் நகரில் உலக நைன் பால் பட்டம் வென்ற பிலிப்பீன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ், 1994இல் அமெரிக்க ஓப்பன் நைன் பால் பட்டத்தை வென்ற முதல் வெளிநாட்டவர். அவர் இந்த வெற்றிகளைக் குவித்தபோது கார்பன் ஷாஃப்ட் கடைக்கே வரவில்லை. அவர் கண்டுபிடித்த பாதைகளை இன்றும் எந்தக் கியூவும் தானாகக் கண்டுபிடித்துத் தராது.

விதிப்புத்தகம் உண்மையில் என்ன சொல்கிறது

உலகப் பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிகள் கியூவைப் பற்றி நாம் நினைப்பதைவிடத் தாராளமானவை. நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அதிகபட்ச நீளம் என்று எதுவும் இல்லை. எடை 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, குறைந்தபட்ச எடை கிடையாது. டிப்பின் அகலம் 14 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. டிப் தோலாலோ நார்த்தன்மை அல்லது நெகிழும் தன்மை உள்ள பொருளாலோ இருக்க வேண்டும், வெள்ளைப் பந்தைக் கீறக் கூடாது. ஷாஃப்ட் மரமா கார்பனா என்று எங்கும் கேட்கவில்லை. ஸ்னூக்கர் கியூவைக் கொண்டு பூல் ஆடுபவர்களும் இந்த அளவுகளுக்குள் தாராளமாக வந்துவிடுகிறார்கள்.

ஒருவர் ஆட்டத்தின்போது மூன்று கியூ வரை வைத்துக்கொள்ளலாம். கையுறை போடலாம், அளவாகப் பவுடர் பூசலாம், நீட்டிப்புத் துண்டு மாட்டலாம். கையுறையைப் பற்றி நம் ஊரில் நடக்கும் வாதத்தை இத்தோடு முடித்துக்கொள்ளலாம். வியர்க்கும் கைக்கு அது வசதி, வேறெதையும் அது செய்வதில்லை.

இந்தப் பட்டியலைவிட முக்கியமானது அதன் பின்னால் உள்ள கொள்கை. ஆட்டத்துக்குப் புதுமைக் கருவிகளைக் கொண்டுவர ஆட்டக்காரருக்கு உரிமை இல்லை, வழக்கமான கருவிகளையும் அவை எதற்காக உண்டானவையோ அதற்காக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது விதி. இதிலிருந்து சில தெளிவான முடிவுகள் பிறக்கின்றன. இரண்டு பந்துக்கு நடுவே வெள்ளை நுழையுமா என்று பார்க்க இன்னொரு பந்தையோ பந்துகளை அடுக்கும் ரேக்கையோ வைத்து அளந்தால் ஃபவுல். கையில் பிடித்த கியூவால் மட்டும் இடைவெளியைப் பார்க்கலாம். கியூவை மேசைமேல் கிடத்தி, கையை எடுத்துவிட்டுக் குறி பார்த்தால் ஃபவுல். சாக்குக் கட்டியை மேசை ஓரக் குஷன் விளிம்பில் அடையாளமாக வைத்து அதைக் குறி பார்த்து அடித்தாலும் ஃபவுல். நம் சென்டர்களில் தினமும் நடப்பது இது. பலருக்கு இது தவறு என்றே தெரியாது.

இங்கே ஒரு கோடு தெரிகிறது. பந்தைத் தள்ளும் கருவிக்கு விதி வழிவிடுகிறது. கண் பார்த்து மனம் கணக்கிட வேண்டிய வேலையைத் தானே செய்யும் கருவியைத் தடுக்கிறது. கார்பன் கியூ முதல் வகை. குறியைக் காட்டும் லேசர் ஒளி இரண்டாவது வகை, பயிற்சியில் பயன்படுத்தலாம், போட்டியில் கூடாது. எந்தப் புதுக் கருவி வந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி வாதம் அடங்கிவிடும்.

இன்று சாதாரணமாகத் தெரியும் டிப்பும் ஒரு காலத்தில் புதுமைதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான ஃபிரான்சுவா மங்கோ கியூ நுனியில் தோலை ஒட்டி ஆடிக் காட்டும்வரை, வெள்ளைப் பந்தைப் பின்னால் திரும்பி வரவைக்கும் ஆட்டம் பரவவில்லை. இப்போது நாம் தேய்க்கும் சாக்கு 1897இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கலவையின் வழி வந்தது. அது உண்மையில் சுண்ணாம்பே அல்ல, சிலிக்காவும் உராய்வுத் தூளும் சேர்ந்தது. இரண்டையும் எடுத்துவிட்டால் இன்றைய ஆட்டமே இருக்காது.

ஜம்ப் கியூ: ஸ்னூக்கர் மனமும் பூல் மனமும்

கார்பனைவிடக் கசப்பான சண்டை ஜம்ப் கியூ பற்றியது. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது.

நம் தோட்டப்புற ஊர்களில் மூத்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஸ்னூக்கரில் தொடங்கியவர்கள். 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளிடையே பிறந்து, நீலகிரியில் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம் அது. ஸ்னூக்கரில் வெள்ளைப் பந்து இன்னொரு பந்தைத் தாண்டிக் குதிப்பது ஃபவுல். கியூவும் மூன்று அடிக்குக் குறையாமல், மரபான மெலியும் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். இந்த மரபில் வளர்ந்தவருக்கு, ஒரு குட்டைக் கியூவை எடுத்துப் பந்தைத் துள்ள வைப்பது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும். பூலில் அதே ஷாட் முழுக்க விதிக்கு உட்பட்டது. இரண்டு பேரும் தங்கள் விதிப்படி சரியாகத்தான் பேசுகிறார்கள், ஆட்டம்தான் வேறு.

ஜம்ப் எப்படி நடக்கிறது? வெள்ளைப் பந்தின் மேல்பாதியைக் கியூவைத் தூக்கிப் பிடித்துக் கீழ்நோக்கிக் குத்தும்போது, பந்து துணிக்கு அடியில் உள்ள கற்பலகையில் மோதி எழும்புகிறது. சாதாரணக் கியூ கனமாக இருப்பதால் எழும்பும் பந்தின் வழியிலேயே நின்றுவிடும். ஜம்ப் கியூ இலேசானது, டிப் கடினமானது. குத்தியதும் அது பின்னால் துள்ளிப் பந்துக்கு வழிவிடும். இதுதான் அதன் மொத்த ரகசியம். பந்துக்கு அடியில் டிப்பை நுழைத்து அள்ளிப்போடுவது வேறு, அது எந்தக் கியூவால் செய்தாலும் ஃபவுல்.

ஜம்ப் கியூவை எதிர்ப்பவர்களின் வாதம் கேட்க வேண்டியது. நைன் பாலில் சேஃப்டி ஒரு பெரிய கலை. வெள்ளையை ஒரு பந்தின் பின்னால் ஒளித்துவைக்க வேகம், கோணம், எதிரியின் திறமை எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். அப்படி உழைத்து ஒளித்ததை, எதிரி குட்டைக் கியூவால் இரண்டு நொடியில் கலைத்துவிட்டால் அந்த உழைப்புக்கு மதிப்பென்ன? குஷனில் அடித்துத் திருப்பிக் குறிப்பந்தைத் தொடும் கிக் ஷாட் கணக்கை இளைஞர்கள் கற்பதே இல்லை என்ற வருத்தமும் நியாயமானது.

இருந்தாலும் ஜம்ப் கியூவைத் தடை செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நைன் பாலில் ஃபவுல் என்றால் எதிரி வெள்ளையை மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். அவ்வளவு பெரிய தண்டனை உள்ள ஆட்டத்தில் தப்பிக்கவும் ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். நல்ல சேஃப்டி ஆடுபவர் வெள்ளையை மறைக்கும் பந்தோடு ஒட்ட வைத்துவிடுவார். ஒட்டிய பந்தை ஜம்ப் கியூவாலும் தாண்ட முடியாது. ஆகவே ஜம்ப் கியூ சேஃப்டியை அழிக்கவில்லை, சேஃப்டி ஆடுபவரிடம் இன்னும் துல்லியம் கேட்கிறது.

ஆனால் நம் ஊரில் இன்னொரு பிரச்சினை உண்டு, அது துணி. ஒவ்வொரு ஜம்ப் ஷாட்டும் மேசைத் துணியில் ஒரு புள்ளியை விட்டுச் செல்லும். துணி மாற்றுவது சென்டர் தவுக்கேவுக்கு (முதலாளிக்கு) பெரிய செலவு. அவர் "என் மேசையில் ஜம்ப் வேண்டாம்" என்றால் அந்த உரிமை அவருடையது. அப்போது அது எல்லோருக்கும் பொதுவான தடையாக, போட்டிக்கு முன்பே சொல்லப்பட்டதாக இருக்க வேண்டும்.

ரேக்கில் நடப்பதுதான் பெரிய விஷயம்

கியூவைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் ரேக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை. நைன் பாலில் ஒன்பது பந்தும் ஒன்றையொன்று இறுக்கமாகத் தொட்டு நிற்க வேண்டும். ஒரு சின்ன இடைவெளி இருந்தால்கூட பிரேக் அடி வீணாகிப் பந்துகள் சோம்பலாகக் கலையும். மரச் சட்டத்தால் ரேக் போடும்போது, பழைய துணியில் பந்து உட்கார்ந்து உட்கார்ந்து ஏற்பட்ட குழியால் இடைவெளி தானாக வரும். வேண்டுமென்றே இடைவெளி விடுகிறவரும் உண்டு. இதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம்.

மேஜிக் ரேக் என்று சொல்லப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இதைத் தீர்க்கிறது. பந்துகள் அதன் துளைகளில் தானாக நெருங்கி உட்காரும். யார் போட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் இறுக்கமான ரேக்கில் ஓரப் பந்து மூலைப் பாக்கெட்டுக்குள் போவது மிகவும் எளிதாகிவிடுகிறது. மெதுவாகக் குறி வைத்து அடித்தே ஒவ்வொரு பிரேக்கிலும் ஒரு பந்தைப் போட்டுவிடலாம். வென்றவரே அடுத்த பிரேக் அடிக்கும் முறையில் எதிரி நாற்காலியைவிட்டு எழவே முடியாமல் போகும். ஆகவே பெரிய போட்டிகளில் மாற்று ஏற்பாடுகள் வந்தன. முதல் பந்துக்குப் பதிலாக ஒன்பதாம் பந்தை மேசையில் குறித்த ரேக் புள்ளியில் வைப்பது ஒன்று. வெள்ளையை ஒரு குறிப்பிட்ட பெட்டிக்குள் வைத்து மட்டும் பிரேக் அடிப்பது இன்னொன்று. குறைந்தது மூன்று பந்தாவது பாக்கெட்டில் விழவோ பிரேக் அடிக்கும் பக்கத்தில் உள்ள தலைக்கோட்டைத் தாண்டவோ வேண்டும் என்ற விதியும் உண்டு.

இதைக் கார்பன் கியூவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்பன் ஷாஃப்ட் ஒரு ஷாட்டின் குறியைச் சற்றே எளிதாக்குகிறது. ரேக் ஒரு முழு ஆட்டத்தையே தீர்மானிக்கிறது. சண்டை போட வேண்டிய இடம் ரேக்.

காசு எங்கே குறுக்கே வருகிறது

புகழ்பெற்ற நிறுவனங்களின் கார்பன் ஷாஃப்ட் 500 அமெரிக்க டாலரைத் தொடும், தாண்டும். டாலருக்கு நான்கு ரிங்கிட் என்று வைத்தாலும் 2,000 ரிங்கிட். அது ஷாஃப்டுக்கு மட்டும், பட் தனி. மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். செம்பனைத் தோட்டத்திலோ ஊர் ஓரத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் ஒருவருக்கு அந்த ஷாஃப்ட் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். "இது காசுக்காரன் ஆட்டமாகிவிடும்" என்ற பயம் இங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பயத்தைக் கேலி செய்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. பெயர் பொறித்த போலி ஷாஃப்டுகள் மலிவு விலையில் இணையத்தில் விற்பதும் இந்த ஏக்கத்தை நம்பித்தான்.

ஆனால் தடை இதற்குத் தீர்வாகாது. பூப்பந்தில் மர மட்டை போய்க் கார்பன் மட்டை வந்தபோது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மரத்திலேயே ஆடச் சொல்லி யாரும் போட்டி நடத்தவில்லை. விலை குறைந்த கார்பன் மட்டை வரும்வரை காத்திருந்தார்கள், வந்தது. கியூவிலும் அதிகம் பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவான கார்பன் ஷாஃப்டுகள் இப்போதே வந்துகொண்டிருக்கின்றன. தடை போட்டால், ஊர்ப் பையன் ஈப்போவுக்குப் போய் ஆடும்போது அவன்தான் பழக்கமில்லாமல் நிற்பான்.

சென்டர் கியூவின் நிலை

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். ஊர் சென்டரின் சுவர் ஸ்டாண்டில் உள்ள கியூக்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டிப் தேய்ந்து ஃபெரூல் பந்தில் படும். சிலவற்றில் டிப் தட்டையாகப் பளபளத்துச் சாக்கே பிடிக்காது. ஃபெரூல் வெடித்திருக்கும், ஷாஃப்ட் வளைந்திருக்கும்.

மேலே சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்: வெள்ளைப் பந்தை எவ்வளவு தள்ளிக் குத்த முடியும் என்பதை டிப்பும் சாக்கும்தான் தீர்மானிக்கின்றன. தேய்ந்த டிப் உள்ளவர் சைடும் போட முடியாது, ஸ்க்ரூவும் எடுக்க முடியாது. அவரிடமிருந்து ஆட்டத்தில் பாதியையே பறித்துவிட்டோம். கார்பனுக்கும் நல்ல மேப்பிளுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, நல்ல மேப்பிளுக்கும் தேய்ந்த சென்டர் கியூவுக்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரியது. இதைச் சரிசெய்ய 2,000 ரிங்கிட் தேவையில்லை. சாதாரணத் தோல் டிப் சில ரிங்கிட்தான். பசை, உப்புத்தாள், பொறுமை இருந்தால் அரை மணி நேரத்தில் ஒன்றை மாற்றலாம். ஒரு கார்பன் ஷாஃப்டின் விலையில் ஒரு சென்டரின் எல்லாக் கியூவுக்கும் டிப் மாற்றிவிட்டு மீதியும் இருக்கும்.

பந்துகளும் இதே கணக்கில் வருகின்றன. விதிப்படி பந்தின் எடை 156 முதல் 170 கிராம். வெள்ளைப் பந்து தொலைந்தோ உடைந்தோ போனபின் வேறு செட்டிலிருந்து ஒன்றைப் போட்டு ஆடும் சென்டர்கள் இருக்கின்றன. வெள்ளை மற்றப் பந்தைவிடக் கனமாக இருந்தால் ஸ்க்ரூ எடுப்பது கடினம். இது இரண்டு பேருக்கும் பொதுதானே என்று சொல்லலாம். ஆனால் அந்த மேசையில் தினமும் ஆடும் உள்ளூர்க்காரருக்கு அது கைப்பழக்கம், வெளியூரிலிருந்து வந்தவருக்கு அதிர்ச்சி. மேசை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் அப்படித்தான். கருவியால் வரும் சாதகம் வெளியூர்க்காரருக்கு மட்டும் என்று நினைப்பது சரியல்ல.

நடுவர் இல்லாத ஆட்டம்

நம் போட்டிகளில் ஒவ்வொரு மேசைக்கும் நடுவர் வைக்க ஆள் கிடையாது. அப்போது ஆடாமல் உட்கார்ந்திருப்பவரே நடுவரின் வேலையைச் செய்கிறார். இதற்காகவே உலக விதிகளில் ஓர் ஏற்பாடு உண்டு: நடுவர் இல்லாதபோது, கைதவறித் தொடுவதில் வெள்ளைப் பந்தைத் தொட்டால் மட்டும் ஃபவுல் என்று வைத்து ஆடலாம். வேறு பந்து தவறுதலாகச் சட்டைக் கையில் பட்டு அசைந்து, அது ஷாட்டின் முடிவைப் பாதிக்காவிட்டால், அதைப் பழைய இடத்தில் வைப்பதா அப்படியே விடுவதா என்று எதிரி முடிவு செய்வார். பல சண்டைகளை இந்த ஒரு விதி தவிர்க்கும். நம் சென்டர்களில் இதைத் தெரிந்தவர் குறைவு.

கருவிகளைப் பற்றிய குற்றச்சாட்டு பல நேரம் வேறொன்றுக்கான மாற்றுப் பேச்சு என்பதையும் சொல்ல வேண்டும். தரத்தை மறைத்து, திறமைக்கேற்பத் தரும் ஹேண்டிகேப்பில் குறைத்துப் பெயர் கொடுப்பது, எதிரி குனியும்போது அவர் கண்ணுக்கு நேரே நடப்பது, டிப் ஒரே ஷாட்டில் வெள்ளையை இரண்டு முறை தொடும் இரட்டைத் தொடலைத் தெரிந்தும் சொல்லாமல் விடுவது ஆகியவை எந்தக் கியூவும் செய்யாத அநியாயங்கள். நேர்மையான ஆட்டம் வேண்டும் என்பவர்கள் முதலில் இவற்றைத்தான் கேட்க வேண்டும்.

போட்டி நடத்துவோர் எழுதி ஒட்ட வேண்டியவை

தகராறில் பெரும்பகுதி, விதி இல்லாததால் வருவதில்லை, விதியை ஆட்டத்தின் நடுவில் சொல்வதால் வருகிறது. அறிவிப்புத் தாளில் பரிசுத் தொகைக்குக் கீழே இவற்றையும் எழுதுங்கள்.

1. மரம், கார்பன் எந்த ஷாஃப்டும் அனுமதி. நீளம், எடை, டிப் அளவு உலக விதிப்படி.

2. ஜம்ப் கியூ உண்டா இல்லையா என்று ஒரே வரியில். உண்டு என்றால் சென்டர் ஒரு பொது ஜம்ப் கியூவை எல்லா மேசைக்கும் நடுவில் வைக்க வேண்டும். விருப்பப்பட்டவர் எடுத்துக்கொள்வார். காசு பற்றிய புகாருக்கு இதைவிட மலிவான பதில் இல்லை.

3. பிரேக் கியூவில் ஃபீனாலிக் போன்ற கடினமான டிப் கூடுமா என்பது. போட்டிக்குப் போட்டி இது மாறுகிறது, ஆகவே மௌனமாக விடக் கூடாது.

4. எல்லா மேசையிலும் ஒரே வகை ரேக். மேஜிக் ரேக் என்றால் ஒன்பதாம் பந்து புள்ளியில், பிரேக் பெட்டிக்குள்ளிருந்து. ஒரு மேசையில் தாளும் இன்னொன்றில் மரச் சட்டமும் இருந்தால் அது ஒரே போட்டி அல்ல.

5. போட்டிக்கு முந்திய வாரம் சென்டர் கியூக்களில் மேசைக்குக் குறைந்தது இரண்டு கியூ புது டிப்போடு இருக்க வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவதில் தவறே இல்லை.

6. வெளியூர்க்காரர்களுக்கு முதல் ஆட்டத்துக்கு முன் மேசையைப் பழகச் சில நிமிடம்.

7. எதிரியின் கருவியில் ஆட்சேபம் இருந்தால் முதல் பிரேக்குக்கு முன்பே நடத்துனரிடம் சொல்ல வேண்டும். பிரேக் அடித்தபின் வரும் ஆட்சேபம் அந்த ஆட்டத்துக்குச் செல்லாது. நடுவில் ஒருவர் புதிதாக ஏதாவது கருவியை எடுத்தால் மட்டும் அந்த ஷாட்டுக்கு முன் நிறுத்திக் கேட்கலாம். நடத்துனர் அங்கேயே முடிவு சொல்லி, அதே முடிவை மற்ற எல்லா மேசைக்கும் அறிவிக்க வேண்டும்.